சுற்றும் விசிறிக்கு ஆஜர்

வெள்ளிக்கிழமை
பள்ளி அலுவலகம்

அன்புள்ள தோழிக்கு,

சென்ற பன்னிரண்டாம் தேதி கூடிய எங்கள் ஆசிரியர் கூட்டம், கூரையில் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியை மாணவராகக் கருதலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. முன்மொழிந்தவர் தலைமையாசிரியர். வழிமொழிந்தவள் நான். தொற்றுக் காலத்துக் கல்வி வரலாற்றை யாராவது எழுதினால் இந்தத் தேதியை விட்டுவிடக் கூடாது.

காரணம் இதுதான். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் கைபேசியை மல்லாக்கப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள். என் திரையில் முப்பத்தொரு கட்டங்கள். பாதியில் முகம், மீதியில் விசிறி. "சுத்தினா ஆஜர், நின்னா ஆப்சென்ட். இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?" என்று டிரில் மாஸ்டர் கேட்டார். ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது தீர்மானம், குக்கர் விசிலும் வீட்டுச் சண்டையும் பாடத்தில் கலப்பதால் பிள்ளைகளின் மைக்கை மூடிவைப்பது. மூன்றாவது, ஆண்டிறுதி மதிப்பெண் ஏற்றும் இந்த வாரத்தில் மாணவர் கேள்விகளை ஏற்பதில்லை.

நீ மருந்து வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. நோயாளிகளோடு நர்சுகளையும் உள்ளே வைத்துப் பூட்டி, கைபேசியையும் பிடுங்கி வைத்துக்கொள்ளும் மருத்துவமனையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். "அவளும் அவரும் எப்படி இருக்காங்க, ஒரு வரி எழுதுடி" என்று கேட்டிருந்தாய். உன் மகளும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருக்கிறார்கள். ஆதாரத்தோடு சொல்கிறேன். உங்கள் வீட்டு விசிறி இந்தக் கடிதம் எழுதும்போதுகூட என் எதிரே சுற்றுகிறது. கொஞ்சம் ஆடுகிறது. ஊரார் வீட்டு மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டித் தருகிற அண்ணன், சொந்த வீட்டு விசிறியை ஆடவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

எங்கள் வகுப்பு இப்போது மூடுவதே இல்லை. கணினி ஆசிரியர் காய்ச்சலில் படுக்கும் முன், "மூடிட்டா உங்களுக்குத் திறக்கத் தெரியாது, அப்படியே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இன்னும் திரும்பவில்லை. மூன்றாம் வகுப்பு பதினோரு நாளாக இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. மற்ற பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். உன் மகள் மட்டும் போவதே இல்லை. "இதுதான் டீச்சர் அர்ப்பணிப்பு" என்று தலைமையாசிரியர் உருகிப் போனார். உண்மைக் காரணம் முழு வருகைப் பரிசு: நாற்பத்தெட்டு வண்ணப் பென்சில் பெட்டி. நடுவில் வெளியே போனாலோ வேறு போன் எடுத்தாலோ பரிசு போய்விடும் என்று பயம் காட்டியவள் நான்தான்.

உங்கள் தெருவை இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். புதன்கிழமை போய்ப் பார்த்தேன். காவலுக்கு நின்றவர் உள்ளே விடவில்லை. வீடு வீடாக விசாரிக்கிற சுகாதாரப் பணியாளர் அம்மாவைத்தான் பிடிக்க முடிந்தது. "நூறு வீட்டுக்கு நான் ஒருத்தி டீச்சர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்கற வீடுன்னா உங்க வருகைப் பட்டியலைப் பார்த்து டிக் போட்டுடுவேன். பிள்ளை ஆஜர்னா வீடும் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார். அவர் என் பட்டியலை நம்புகிறார். நான் விசிறியை நம்புகிறேன். விசிறி மின்சாரத்தை நம்புகிறது.

ஒரே ஒரு விஷயம். செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் மகளின் கட்டத்து மூலையில் மஞ்சள் நிறக் கை ஒன்று தெரிகிறது. கேள்வி கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகள் அழுத்துகிற அடையாளம் அது. நான்கு நாளாக இறங்கவில்லை. அவளுக்குக் கேள்விக்கா பஞ்சம்? வாயாடி என்று பெயர் வைத்ததே நான்தானே. இருந்தாலும் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "மூணாவது தீர்மானம் ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்றார். இருந்தது. அண்ணனுக்கு இரண்டு முறை போன் போட்டேன், அடித்து ஓய்ந்தது. வீட்டில் இருப்பது ஒரே கைபேசி, அதுவும் வகுப்பில் இருக்கிறது. வேறு எப்படி எடுப்பார்?

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கையுறையைக் கழற்றினால் உடனே கையைக் கழுவு. விசிறி சுற்றும்வரை இங்கே கவலை இல்லை.

அன்புடன்,
உன் தோழி


திங்கட்கிழமை
உங்கள் தெருமுனை, தகரத்துக்கு வெளியே

என் தோழிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இன்று பள்ளி ஆண்டின் கடைசி நாள். பிள்ளைகள் நன்றி சொல்லட்டும் என்று தலைமையாசிரியர் ஒரு நிமிடம் மைக்கைத் திறக்க அனுமதித்தார். முப்பது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். யாரோ அழுதார்கள், யாரோ விசிலடித்தார்கள், யார் வீட்டிலோ நாய் குரைத்தது. எல்லோரையும் அடக்கிவிட்டு, வாயாடி என்று மூன்று முறை கூப்பிட்டேன். அவள் கட்டத்திலிருந்து விசிறி ஆடுகிற சத்தம் மட்டும் வந்தது. கடக், கடக் என்று. மஞ்சள் கை அப்படியே இருந்தது.

ஆப்சென்ட் போட்டேன்.

"நூறு சதவீதம் போச்சே டீச்சர், கடைசி நாள்லயா இப்படிப் பண்ணுவீங்க?" என்று தலைமையாசிரியர் தலையில் கைவைத்தார். நான் பணியாளர் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஐயோ, உங்க பட்டியலை நம்பித்தானே இத்தனை நாளும் அந்தக் கதவைத் தட்டாம போனேன்" என்றார்.

கதவை உடைத்துத்தான் திறந்தார்களாம். அவள் அண்ணனின் கட்டிலை ஒட்டி, தரையில், சார்ஜில் கிடந்த கைபேசிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாளாம். காய்ச்சல் கொதிக்கிறது. நினைவு இருக்கிறது. அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறமாதிரிதான் தூக்கி வந்தார்கள், நான் பார்த்தேன். பிஸ்கட்டும் தண்ணீரும் சாப்பிட்டுச் சமாளித்திருக்கிறாள். யாரையும் ஏன் கூப்பிடவில்லை என்று பணியாளர் அம்மா கேட்டதற்கு, "அப்பா கதவைத் திறக்கக் கூடாதுன்னார். போனை எடுத்தா ஆஜர் போயிடும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாளாம்.

தகரத்துக்கு வெளியே கொண்டுவந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "கையைத் தூக்கிட்டே இருந்தேனே டீச்சர், நீங்க பார்க்கவே இல்லையே" என்றாள். என்ன கேட்க நினைத்தாய் என்றேன். "அப்பா கூப்பிட்டாக் கண்ணு முழிக்க மாட்டேங்கறார், என்ன பண்ணணும்னு" என்றாள்.

பார்த்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமையே பார்த்தேன்.

அவளை உன் மருத்துவமனைக்கே அனுப்புகிறார்கள். பிள்ளைகள் வார்டு உன் வார்டுக்கு மேல்மாடி என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். யார் காலில் விழுந்தாவது மேலே போய்விடு. முகக்கவசத்தோடு நின்றால் உன்னை அடையாளம் தெரியாது, குரல் கொடு. அவள் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல். வண்ணப் பென்சில் பெட்டியை அவள் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அவள் நன்றாக இருக்க வேண்டும். உன்னிடம் வேறு எதையும் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை

பின்குறிப்பு: இந்தக் கடிதம் அவள் வரும் வண்டியிலேயே வருகிறது. அண்ணனுக்கு வேறு வண்டி சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவசரமில்லை என்றார்கள்.