ஓரக்கொடியில் விழுந்த துளைகள்

நவம்பர் 11, காவலூர்

இல்லை, திருடவில்லை. வேலூரில் பழம்புத்தகம் சேர்ப்பவரிடம் கையெழுத்துப் போட்டு இரவலாகத்தான் வாங்கி வந்தேன். ஒற்றைத் தாள். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தையல் மாதிரிப் புத்தகத்திலிருந்து கழன்றது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த ஓரக்கொடி, துணியின் ஓரத்தில் தைப்பதற்கான கொடி வடிவம். இலைகளுக்கு நடுவே ஒரு முயல்.

ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்: இந்தப் புத்தகங்கள் மிஞ்சாததற்குக் காரணம், பெண்கள் அவற்றைப் பயன்படுத்தியது. கோட்டின்மேல் ஊசியால் குத்தி, கரித்தூள் தட்டி, துணியில் பதித்தார்கள். நல்ல வாக்கியங்கள். குத்திய தாள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நவம்பர் 12

குளிர். எழுதவில்லை.

நவம்பர் 14

அம்சவல்லி அக்கா அந்தத் தாளை ஊசியால் குத்திவிட்டாள்.

நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள். ஜாக்கெட்டில் ஆரிப் பூவேலைக்கு டிரேஸ் பேப்பரைக் குத்துவாளே, அப்படியே. வழக்கமாகத் தட்டும் நீலப்பொடி தீர்ந்துபோனதால் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து தட்டியிருக்கிறாள்.

"உனுக்குத்தான்டி. பட்டம் வாங்கப் போறப்போ போட்டுக்க ஜாக்கெட்டு. அந்த முயலப் பாத்துப் பாத்துச் சிரிச்சியே!"

படிக்காதவளுக்கு இன்னா தெரியும் என்று கத்தினேன். நான். அவள் ஊசி படிக்க வைத்த நான்.

நவம்பர் 15

சேதத்தைச் சொல்லத்தான் வழிகாட்டி தேவராஜ் சாருக்குப் படம் அனுப்பினேன். விளக்கம் எழுதுவதற்குள் போன்.

"குத்துன தாளும்மா! கரிகூட அப்படியே இருக்கு! இது ஒண்ணு போதும் உன் ஆய்வேட்டுக்கு."

குத்தியது அக்கா என்று சொல்லாமலே போனை வைத்தேன். ஏன்?

நவம்பர் 17

துளைகளை அந்தக் காலத்தவை என்று சார் நம்பியதை அக்காவிடம் சொன்னேன். மூன்று நாளில் முதல் பேச்சு.

"அவரே பழசுன்றாரு இல்ல? வுட்டுடு. நானா வந்து சொல்லப்போறேன்? படிக்காதவளுக்கு இன்னா தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது.

நவம்பர் 18

பொய் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. குத்தியவள் முந்நூறு வருடத்துக்கு முந்தைய பெண், பெயர் தெரியாதவள். அக்காவையும் பெயர் தெரியாதவளாக்கி அவளோடு உட்கார வைத்துவிடலாம்.

நவம்பர் 20

சாருக்கும் வேலூர் சேகரிப்பாளருக்கும் எழுதிவிட்டேன். குத்தியது என் அக்கா அம்சவல்லி, இந்த மாதம் பதினான்காம் தேதி. பூட்டி வைக்காதது என் தவறு. படத்தை அனுப்பிவிட்டு மௌனமாக இருந்ததும்.

டிசம்பர் 2

சேகரிப்பாளர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்; அவரிடமுள்ள மற்றவற்றை இனிப் பார்க்க முடியாது. சாரிடமிருந்து ஒரு வரி: வேறு வழிகாட்டி பார்த்துக்கொள்.

வீட்டில் அக்கா பாதி தைத்த ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா?"

"நல்ல துணி. வேற யாருக்காச்சும் ஆவும்."

எதிரில் உட்கார்ந்தேன். அவள் பிரிக்கப் பிரிக்க நூலை அட்டையில் சுற்றினேன்.