பெரிய கிராணியின் கொட்டகைக்கு உள்ளே

6.3.1983, ஞாயிறு
ஈப்போவிலிருந்து சந்திரமதி வந்திருந்தார். கோப்பெங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து கணக்கு வழக்கெல்லாம் பார்த்த ஸ்கந்தராஜா ஐயாவின் மகள். ஐயா போன பிறகு அவர் வரைந்த படங்களுக்குப் பெரிய பேர் வந்துவிட்டது. கிராணி வீட்டுப் பூந்தோட்டத்தில் அவர் படம் வரைந்த கொட்டகை இடிந்து கிடக்கிறது. அதைத் திரும்பக் கட்டி, சனங்கள் பார்க்கத் திறக்கப் போகிறார்களாம். வெளிப்பக்கத்துக்குப் போட்டோ இருக்கிறது. உள்ளே எப்படி இருந்தது என்றுதான் தெரியவில்லை.

"அம்மாவைக் கேட்டால், வீரம்மாவைக் கேள், அவதானே தேத்தண்ணி கொண்டு போனவ எண்டுறா. நீங்கள்தான் சொல்லோணும்."

மருமகள் பக்கத்தில் நின்றாள். நான் ஐந்தாவது வரை படித்தவள் என்றாலே சிரிக்கிறவள். எனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டேன்.

7.3.1983
என்ன தெரியும் எனக்கு? கிராணி வீட்டில் வேலை செய்த பதினோரு வருசமும் டீ கொடுத்தேன் — ஜன்னல் வழியாக. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும், வாங்கிக்கொள்ளும். வாசற்படியை மிதித்ததில்லை.

20.3.1983
சந்திரமதி நோட்டும் பென்சிலுமாக வந்தார். என் வாய் நிற்கவில்லை. ஒரு முக்காலி. மூலையில் மண்பானை, மேலே கவிழ்த்த தகரக் குவளை. பிரஷ் போட்டு வைக்க, ரப்பர் பால் எடுக்கிற மங்கு. குறுக்கே ஒரு கயிறு. கயிறு எதற்கு என்றார். படம் காயப்போட, என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. நான் சொன்னது எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த பழைய லயத்து வீடு.

2.6.1983
முக்காலி எங்கும் அமையவில்லையாம். எங்கள் வீட்டு முக்காலியையே கேட்டு வாங்கிப் போனார்கள். மருமகள் குப்பையில் போடச் சொன்னது.

14.8.1983
அடுத்த ஞாயிறு திறப்பு விழா. ஐயாவின் சம்சாரம் அன்னபாக்கியம் அம்மா பத்து காஜா டவுனிலிருந்து வருகிறாராம். போச்சு. அவங்க பாத்தா தெரிஞ்சிடுமே. வயித்து வலின்னு படுத்துக்கலாமா? பேரன் வேற ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கான், எங்க பாட்டி சொல்லித்தான் கட்டுறாங்கன்னு.

21.8.1983
போனேன். நல்ல கூட்டம். ஒரு வாத்தியார் கயிற்றைக் காட்டி, கலைஞனின் எளிமையைப் பாருங்கள் என்று வெகுநேரம் பேசினார். "அந்த முக்காலி எங்க வீட்டுதுலா," என்று மருமகள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

அன்னபாக்கியம் அம்மா வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"உள்ளுக்கு இப்பிடித்தானோ இருந்தது, வீரம்மா?"

"ஆமாங்கம்மா."

"இருக்கும். என்னையும் அவர் ஒருநாளும் உள்ளுக்கு விடேல்லை."

யாரும் நுழையக் கூடாது என்று வாசலில் சங்கிலி கட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.