ஸலாத்துக்குப் பதில்

பெப். 9, திங்கள்
விடிய நல்ல பனி. பத்து மணிக்கெல்லாம் மணல் சுட்டது. கருவாட்டு வாடியில் முழுக்கப் பாரை. வெட்டினால் நடுமுள் நொறுங்கி, வயிற்றுக்குள் இரத்தம். கடலில் வெடி போட்டுப் பிடித்த மீன். முதலாளி வெட்கமில்லாமல் வாங்குகிறார். என் மனுசன் வலையோடு போய் வெறுங்கையோடு வருகிறார்.

இந்த மீனோடு லொறி எப்போது போகும் என்று போனில் ஓர் அப்பில் எழுதிப் போட்டேன். அதில் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. போனிலிருந்து பக்கத்துப் போனுக்குத் தாவித் தாவித் தோணிகள் வரைக்கும் போகும். நான்தான் எழுதினேன் என்று ஜெசிந்தா அக்காவுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் இருந்து வெட்டுகிறவள், என்னைச் சேர்த்ததும் அவள்தான்.

நேரே நின்று இரண்டு போனையும் ஒட்டி வைத்தால்தான் ஆள் சேர்க்கலாம் என்பது அவளுடைய சட்டம். வன்னியிலிருந்து வந்தவள், எதற்கெடுத்தாலும் பயம். இவ்வளவு காலத்தில் வாடியில் நாலே பேர்! இந்த வேகத்தில் என் மையித்துக்குத்தான் மற்றவள்கள் வந்து சேருவாள்கள்.

பெப். 11, புதன்
மதுரங்குளிச் சந்தியில் தோணிக்காரர்கள் முதலாளியின் லொறியை மறித்துவிட்டார்கள். மீன் முழுக்கக் கிடங்கு வெட்டிப் புதைத்தாயிற்று. கக்கூசுக்குள் போய் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

இப்போது எல்லாருக்கும் சேர ஆசை. கல்யாண வீட்டு வட்ஸ்அப் குரூப்பில் அப்பின் லிங்கைப் போடுவோம், அமத்தினால் சேரலாம் என்றேன்.

“முகம் பாக்காமல் விட்டா உள்ளுக்க ஆர் நிக்கினமெண்டு எப்பிடித் தெரியும், பரீதா?”

“பேரே தெரியாதே அக்கா. பொறவென்ன பயம்?”

போட்டேன். பின்னேரத்துக்குள் முழு வாடியும் உள்ளே. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். கிடக்கட்டும்.

சீனி, தேயிலை, உம்மாவின் மருந்து வாங்க வேண்டும்.

பெப். 13, வெள்ளி
ஜும்ஆ முடிந்து, முதலாளியின் கணக்குப் பார்க்கும் ரியாஸ் நானா, அவரும் அந்தக் கல்யாண வீட்டுக் குரூப்பில் இருக்கிறவர்தான், வாசலில் வந்து நின்றார். கையில் போன். எங்கள் போன்கள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. அப்பில் யாரோ “அஸ்ஸலாமு அலைக்கும்.”

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவதா? கை கழுவி, துடைத்து, எல்லாரும் எழுதினோம். நானும். ஜெசிந்தா அக்கா கிறிஸ்தவ வேதக்காரி, அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

நானா போனைப் பார்த்துச் சிரித்தார். “இந்தக் கிட்டடியில பதினொரு போன் ஈக்கிண்டு அப் காட்டுது. பதில் பத்து. ஸலாம் சொல்றவங்க முதலாளிட லொறிய இப்பிடிக் காட்டிக் குடுக்க மாட்டாங்க. மத்தது ஆரு?”

கண்கள் எல்லாம் ஜெசிந்தா அக்கா பக்கம் போயின. என் கண்ணும்.

“நான் எழுதேல்லை” என்றாள்.

“அப்ப ஆரு?”

நான் கத்தியை எடுத்து அடுத்த மீனைக் கீறினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அதில பேரே இல்லைத்தானே” என்றாள்.

அவள் குடியிருப்பது முதலாளியின் பின்னறையில். மகளுக்கு ஓ.எல். சோதனை வருகிறது. “அஸர் பாங்குக்கு முந்தி அறைய உட்டுப் போ” என்றார் நானா. தாயும் மகளும் இரண்டு பேக்கோடு, தலவில கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

பெப். 14, சனி
காற்று. அப்பை அழிக்கப் பயம், ஒரு போன் குறைந்தால் நானா கேட்பார். கத்தியை விட்டுப் போயிருக்கிறாள், என்னுடையதைவிட நல்ல கூர். அவளுடைய நிழல் இடத்தையும் நானா எனக்குத் தந்தார்.

காலையிலேயே மறுபடி ஸலாம் வந்தது. எல்லாருக்கும் முதல் நான் பதில் போட்டேன்.