புளியாத அப்பமும் பெரிய வெள்ளிப் பிரசங்கமும்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
8-4-1944

அன்புள்ள மகன் பெஞ்சமினுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், பட்டாளத்தோடு நீ போயிருக்கும் அந்த யுத்த பூமியில் உன் தலையில் ஒரு மயிரும் விழாமல் அவரே காக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் கையெழுத்தைக் கண்டு திடுக்கிடாதே, இங்கே கெட்ட செய்தி ஒன்றுமில்லை. அம்மா பத்து நாள் காய்ச்சலாய்க் கிடந்தாள், இப்போது எழுந்து என்னை அதட்டுமளவுக்குத் தேறிவிட்டாள். வவுணதீவு வயலில் இம்முறை விளைச்சல் மோசமில்லை. சிவப்புப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. கோதுமை மாவுக்குத்தான் பெரிய தட்டுப்பாடு, அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வருஷமாக உனக்கு அம்மாதான் எழுதினாள். காரணம் உனக்குத் தெரியும். உன் போன வருஷக் கடிதத்தில் ஊரின் பெயரைத் தணிக்கைக்காரர் மை பூசி மறைத்திருந்தார், மற்றதெல்லாம் கண்ணில் குத்துகிற மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. கடையில் உன் பெயரைக் கேட்ட ஒரு யூத அம்மா, அது தன் தம்பியின் பெயரென்று சொல்லி உன்னை அவர்களுடைய பஸ்காப் பண்டிகை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்ததையும், அங்கே புளியாத அப்பத்தைப் பிட்டு, பாத்திரத்தை எடுத்து ஸ்தோத்திரம் சொல்லி, சங்கீதம் பாடியதையும் எழுதியிருந்தாய். நம்முடைய கோயில் இராப்போசனத்தை அதன் தாய்வீட்டில் பார்த்துவிட்டேன் அப்பா என்றாய். அதுவரைக்கும் சந்தோஷமாய்த்தான் வாசித்தேன். போலந்தில் இருக்கும் அந்த அம்மாவின் இரண்டு தங்கைமாரிடமிருந்து இரண்டு வருஷமாய் ஒரு செய்தியும் இல்லையென்றும், யூதர்களைக் கிறிஸ்துவைக் கொன்ற சனமென்று நான் வருஷாவருஷம் ஏசுகிற பெரிய வெள்ளிப் பிரசங்கத்துக்கு இனி ஆமென் சொல்ல உன்னால் முடியாதென்றும் கடைசியில் எழுதியிருந்தாயே, அதுதான் என்னைச் சுட்டது. கடிதத்தை அடுப்பில் போடப் போனேன், அம்மா பறித்துக்கொண்டாள். உபதேசியாராய் நின்று செய்த இருபத்திரண்டு வருஷப் பிரசங்கம், பெற்ற பிள்ளையே பிழையென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மனம் கேட்காமல் பக்கத்து வயற்காரர் அசனாரிடம் முறையிட்டேன். எனக்காக இரண்டு வார்த்தை பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, உங்கட மகன் எழுதினதுல என்ன பிழை இரிக்கி ஐயா, ஈஸா நபி அந்தச் சனத்துல பொறந்தவர்தானே, எட்டாம் நாள் அவருக்கும் சுன்னத்து வெச்சதாத்தானே உங்கட வேதத்திலயும் இரிக்கி என்றார். இருக்கிறதுதான். அவர் வீட்டுச் சுன்னத்துக் கலியாணங்களில் எத்தனை தரம் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளாவது ஆண்டவரை நினைத்தேனா? உனக்குப் பெஞ்சமின் என்று பெயர் வைத்தவனும் நான்தான். அது யாருடைய வீட்டுப் பெயரென்று அன்றைக்கு யோசிக்கவில்லை. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை, உனக்கு எழுதவில்லை.

இனிச் சொல்லப்போவதை வாசித்துவிட்டு நீ சிரிக்கத்தான் போகிறாய், சிரி. வியாழக்கிழமை இராப்போசனத்தில் பிட்கிற அப்பத்துக்கு வழக்கமாய் அம்மாதான் பாண் வாங்கி வருவாள். மாவுத் தட்டுப்பாட்டில் கிடைக்குமோ கிடையாதோ என்று புதன்கிழமை நானே இளையதம்பி பாண் சுடுகிற போறணைக்குப் போனேன். அவன் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, ஒரு போத்தலிலிருந்து வெள்ளையாய் ஏதோ ஊற்றினான். மணம் மூக்கிலேறியது. இதென்னடா என்றேன். கள்ளு ஐயா, கள்ளு ஊத்தாம மா எப்பிடிப் பொங்கும், இத்தனை வரிசமா உங்கட கோயிலுக்கும் இதான் போகுது என்றான். மதுவிலக்குச் சங்கத்துக்குப் பதினைந்து வருஷம் காரியதரிசியாயிருந்தவன் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். பாத்திரத்தில் வெறியின் வாடையும் வரக்கூடாதென்று முந்திரிகை வற்றலை ஊறவைத்துப் பிழிய வைத்தவன் நான். ஆண்டவர் தம் சீஷரோடு கடைசியாய்ப் பஸ்கா உண்ட இரவில் அவருடைய மேசையில் ரசம் புளித்தது, அப்பம் புளியாதது. நாங்கள் ரசத்தைப் புளிக்கவிடாமல் காவல் காத்துக்கொண்டு அப்பத்தில் கள்ளை ஊற்றியிருக்கிறோம்! வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் காய்ச்சல் இன்னும் இறங்கியிருக்கும்.

பாண் வாங்காமல்தான் வந்தேன். வீட்டிலிருந்த ஒரு சுண்டு மாவில் அம்மா தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து தட்டையாய்ச் சுட்டாள். போதகர் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொண்டுவாருங்கள் என்றார். அதைப் பிட்டு வாயில் வைத்தபோது எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். போன வருஷம் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் என் பிள்ளைக்கு இதே அப்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் என்ன இருந்ததென்றே அறியாதவன் அந்த மேசைக்குரியவர்களை இத்தனை காலம் ஏசியிருக்கிறேனே என்று வெட்கமாயிருந்தது மகன்.

நேற்றுப் பெரிய வெள்ளி. இவ்வருஷம் அவர்களுடைய பஸ்காவும் அதே மாலையில் தொடங்குகிறதென்று நீ அம்மாவுக்கு எழுதியிருந்தாய். பழைய பிரசங்கத் தாள்களைக் கொண்டுதான் போனேன், விரிக்கவில்லை. ஆண்டவரும் யூதர், அவரைப் பெற்றவளும் யூதப் பெண், சிலுவையடியில் நின்று அழுத பெண்களும் அந்தச் சனம்தான், இருபத்திரண்டு வருஷமாய் அவருடைய வீட்டாரை அவர் முன்னாலேயே ஏசிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். முன் வாங்கிலிருந்த நல்லரத்தினம் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு போலந்திலுள்ள அந்தச் சகோதரிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கினேன். பெயர் தெரியவில்லை. அந்த இரண்டு பெண்கள், ஆண்டவரே, அந்த இரண்டு பெண்கள் என்று சொல்லிச் சொல்லி மேலே போகமுடியாமல் நின்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மாவின் குரல் தனியாய் வந்தது.

கள்ளைப்பற்றி உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்குப் போய்விட்டது, என்றாலும் சாராயம் வேண்டாம். கொதித்தாறிய தண்ணீரே குடி. அந்த அம்மாவைக் கண்டால், பெஞ்சமினின் தகப்பன் வணக்கம் சொன்னாரென்று சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை எங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தத் தங்கைமார் இருவரின் பெயர்களையும் கேட்டு, எப்படிச் சொல்வதென்று தமிழில் தெளிவாய் எழுதி அனுப்பு. அடுத்த முறை நான் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும்.

உன் மேல் வாஞ்சையுள்ள அப்பா,
க. ஞானமுத்து