நாற்பத்துநாலாவது பெயர்

மட்டக்களப்பு,
12.11.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மழைக்குக் கூரை தாங்கியதா? நான் நல்ல சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வேறு யாரும் வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். போன கிழமை, இரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியலோடு சைக்கிளில் போகையில் சென்றியில் ஆமிக்காரர் மறித்தார்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் ஏ, பீ, ஓ என்று இருந்ததைக் கண்டு, ஏதோ இரகசியக் குறி என்று நினைத்துவிட்டார்கள். பின்னேரம்வரை இருத்திவைத்து, தேத்தண்ணியும் தந்து, போக விட்டார்கள். பட்டியலைத் திருப்பித் தரவில்லை.

மறுநாளே, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் தேவைப்பட்டது. தன்னாமுனை அழகரத்தினம் அண்ணனின் பெயர் நல்லகாலமாக நினைவில் இருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்தவர், "நான் வாறன் தம்பி, நீ சைக்கிளத் திருப்பு" என்று எழும்பினார். தாயும் பிள்ளையும் சுகம்.

இப்போது கடதாசியே வைத்திருப்பதில்லை. நாற்பத்துமூன்று பேரிடமும் திரும்பப் போய்க் கேட்டு, அவரவர் இரத்த வகையோடு பாடமாக்கிவிட்டேன். இந்தத் தொண்டு வேலையை விடச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள், விடமாட்டேன்.

இதைக் கொண்டுவரும் புஸ்பம் மாமியிடம் கொஞ்சம் மாசிச் சம்பல் கொடுத்துவிடுங்கள். கடைச் சோறு தனியே இறங்குதில்லை.

இன்னொன்று. வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் உங்கள் இரத்த வகையைப் பார்த்து மாமியிடம் வாயால் சொல்லிவிடுங்கள். உங்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். தினமும் சைக்கிளில் எல்லாப் பெயரையும் இரத்த வகையோடு சொல்லி முடித்து, கடைசியாக "அன்னப்பூரணி" என்கிறேன். அதற்குப் பிறகு சொல்ல எழுத்தில்லாமல், திரும்பவும் "அன்னப்பூரணி" என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மாமி அவசரப்படுத்துகிறா. வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மகன்,
பேரின்பம்