யாரும் பேசாத கம்பியை மலைக் கருவிக்கே திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
கண்காணிப்பாளர்,
நில அதிர்வுப் பதிவு நிலையம்.

பெறுநர்
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைபேசி நிலையம்.

பொருள்: மலைச்சரிவு அதிர்வுக் கருவியின் தொலைபேசி இணைப்பைத் தங்கும் விடுதிக்கு மாற்றியது – திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மலைச்சரிவில் ஒரு குழிக்குள் எங்கள் அதிர்வுக் கருவி இருக்கிறது. அது தொலைபேசிக் கம்பி வழியே ஓயாமல் ஒரு விசில் ஒலியை அனுப்பும். நிலம் அதிர்ந்தால் விசில் ஏறி இறங்கும். இங்கே பேனா அதைத் தாளில் கோடாக வரையும். கோடு அடிக்கடி துள்ளினால், மண் சரியப்போகிறது என்று சரிவின் கீழே குடியிருப்பவர்களை வெளியேறச் சொல்வோம். அதற்காகவே தங்கள் துறை இந்த இணைப்பைத் தந்தது.

2. சென்ற மாதம் தங்கள் சோதனைப் பிரிவு ஊழியர் இந்தக் கம்பியில் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டிருக்கிறார். விசில்தான் பதில். "யாருமே பேசாத லைன், எவனோ விசிலடிச்சு விளையாடுறான்" என்று சொல்லி, இணைப்புக்குக் காத்திருந்த விடுதிக்கு அதைக் கொடுத்துவிட்டார். எங்கள் நிலையத்தில் இருக்கும் கம்பி முனையைக் கழற்றக்கூட அவருக்கு உடம்பு வளையவில்லை. இப்போது விடுதியில் யாராவது அறை கேட்டால் எங்கள் பேனா துள்ளுகிறது. வெந்நீர் வரவில்லை என்ற சண்டையெல்லாம் நில அதிர்வாகப் பதிவாகிறது.

3. நேரில் வந்து முறையிட்டேன். தங்கள் எழுத்தர் தேநீரை ஆற்றியபடியே, "லைன் யார்கிட்ட இருந்துச்சோ அவரே வந்து கையெழுத்துப் போடணும் சார்" என்றார். அவர் குழிக்குள் சிமெண்டில் பதிந்திருக்கிறார், வர இயலாது என்றேன். "அப்போ இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை ஐயா, அதற்கான படிவத்தையும் எடுத்து நீட்டினார்.

4. என் தங்கை தன் பிள்ளைகளோடு அந்தச் சரிவின் கீழேதான் இருக்கிறாள். அவள் அடுப்படிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. மழை வேறு விட்டபாடில்லை. வீட்டைக் காலி செய் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "ஆபத்து இருந்தா அந்த லைனை எடுத்திருப்பாங்களாண்ணா? பெரிய படிப்புப் படிச்சவங்க, யோசிக்காமலா எடுப்பாங்க?" என்கிறாள். தங்கள் அலுவலகத்தை நம்பிப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறாள்.

எனவே அந்தக் கம்பியை இன்றே கருவியோடு இணைக்க உத்தரவிட வேண்டுகிறேன். அது முடியாதென்றால், தாங்கள் ஒருமுறை அவள் அடுப்படிக்கு வந்து, யோசிக்காமல்தான் எடுத்தோம் என்று தங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னால் அவள் நம்ப மறுக்கிறாள்.

இடம்: பதிவு நிலையம்
நாள்: திங்கட்கிழமை, மழை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கண்காணிப்பாளர்