படகு கடைசியாக எந்த ஏரியில் இறங்கியது?

கார்பெட், யூட்டா
ஜூன் 19

அன்புள்ள கென்ட்டுக்கு,

உடம்புக்கு நானும் பிரின்லியும் நலம். மனசுக்குத்தான் இல்லை. சுரங்க முகாமில் உனக்குப் பின்னால் பத்துப் பேர் போனுக்கு வரிசையில் நிற்கும்போது பேசக்கூடிய விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஏரிகளைப் பற்றி. இந்த வருஷம் மலையில் பனியே இல்லை. படகு எழுப்பும் அலைமேல் பலகையில் சறுக்கும் அவளுடைய வேக்சர்ஃபிங் பயிற்சிக்கென்று நீ எழுதிவைத்துப் போன ஏரிப் பட்டியல் எதற்கும் உதவவில்லை. வில்லட் ஏரியில் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடந்த மரக்கட்டைகள் தலை காட்டுகின்றன. ஆண்ட்லரில் பெரிய அலை கரையை அரிக்கிறதாம். படகின் எடைத்தொட்டிகளில் தண்ணீர் நிரப்பவே தடை. அது நிரம்பாமல் அலை எங்கிருந்து எழும்? மூன்றாவதில் ஆழம் போதாது. சனிக்கிழமை முழுக்க நானும் பிரின்லியும் அலைந்தோம். "கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு அலைமேல ஆசப்பட்டேன் பாரும்மா, என்னச் சொல்லணும்" என்று சிரித்தாள். ஆகஸ்ட் போட்டிக்குப் பழக மிச்சமிருப்பது நம் ஹாலோ ஏரி ஒன்றுதான்.

அங்கே போகலாம் என்றதும் அவள் முகம் செத்துவிட்டது. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

மே மாத விடுப்பில் நீயும் அவளும் படகோடு போனது தெற்கே, அந்த அந்நியச் சிப்பி பரவிக் கிடக்கும் ஏரிக்கு. திரும்பிய நாலாம் நாளே படகை ஹாலோவில் இறக்கியிருக்கிறாய். சிப்பி ஒட்டி வராமலிருக்க விதிப்படி முப்பது நாள் காயவைக்கவில்லை, வெந்நீரில் கழுவவும் இல்லை. படகு கடைசியாக எந்த ஏரியில் இறங்கியது என்று ஏரி அலுவலகப் படிவத்தில் கேட்டதற்கு, 'இதே ஏரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயாம். "தொட்டி காலிதான் கண்ணு, ஒண்ணும் ஆகாது. அம்மாட்ட சொல்லாத" என்றாயாம்.

காலியா? பம்பு நின்ற பிறகும் அடியில் வாளிக்கணக்கில் தண்ணீர் தங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதில் நீந்தும் சிப்பிக்குஞ்சு கண்ணுக்கே தெரியாது. வளர்ந்து ஹாலோவின் குழாய்களை அடைத்துவிட்டால், என் தம்பி டெரலின் வயலுக்கும் நம் சமையலறைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்?

செவ்வாயன்று டெரல் சாப்பிட வந்தான். "தெக்க எல்லா ஏரிக்கும் சிப்பி வந்துடுச்சு லூ, நம்மளதுக்கு மட்டும் வரல. ஊர்க்காரங்க ஒழுங்கா இருக்கோம்ல" என்று நிம்மதியாக உருளைக்கிழங்கை இரண்டாம் முறை போட்டுக்கொண்டான். நான் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். வருஷத்தில் சில நாட்களே வீட்டிலிருக்கும் நீ, அவளுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் செய்தாய் என்பதும் தெரியும். அதனால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போதே சொன்னால் உடனே தண்ணீரைச் சோதிப்பார்கள். ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கோடை முழுக்க ஏரியை மூடிவிடுவார்கள், பிரின்லியின் போட்டி போய்விடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "நானும் கூடத்தானே இருந்தேன், நானே போய்ச் சொல்றேன்" என்கிறாள். நான்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன், அதுவும் ஜூன் 30, திங்கள் வரைக்கும்தான்.

வரும் புதன்கிழமை முகாமுக்கு வரும் விமானத்தில் இது உன் கைக்கு வந்துவிடும். அதற்கடுத்த ஞாயிறு வழக்கம்போல் எனக்குப் போன் செய்யாதே. ஏரி அலுவலகத்தை முதலில் கூப்பிடு, எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஊர் என்ன சொன்னாலும் உன் பக்கத்தில் நிற்பேன்.

கடவுள் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும். பதினாறு வயதில் அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் வேலையை நம் பெண்ணுக்கு வைத்துவிடாதே, கென்ட்.

உன்
லுவான்